ஏரிக்கரையில் பார்த்த மாப்பிள்ளை

திருவண்ணாமலை
14.2.1993

அன்புள்ள மச்சான் சக்கரபாணிக்கு,

மாமா பலராமன் எழுதுவது. நானும் உன் அக்கா சந்திரம்மாளும் எழிலும் சௌக்கியம். பூனாவில் குளிர் விட்டதா? உன் முட்டிவலிக்கு அந்த ஊர் டாக்டர் என்ன சொன்னார்?

முதலில் ஏரிச் செய்தி. இந்த வருஷம் நீர்க்காகங்கள் ஜாஸ்தி. இருபது முப்பதாக வந்து இறங்கி, மீனைக் கரையோரமாக ஒதுக்கி, வயிறு முட்டத் தின்றுவிட்டு, கல்லின்மேல் ஏறிச் சிறகைக் காயப்போட்டுக்கொண்டு நம் முகத்தையே பார்க்கின்றன. நம் தூண்டில் தக்கைக்குப் பக்கத்திலேயே முங்கி எழுகின்றன. ஒரு வார்த்தை கேட்பதில்லை. முதல் பந்தியில் இடம் பிடித்த மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். எழிலுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் காசி. கீழ்பென்னாத்தூரில் பம்புசெட் ரிப்பேர் கடை, சொந்தக் கடை. வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மிக்சரும் காபியும் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தால் எவனும் நல்லவனாகத்தான் தெரிவான். நீயும் நானும் பன்னிரண்டு வருஷம் ஞாயிறுதோறும் கரையில் உட்கார்ந்து கண்டுபிடித்தது ஒன்றுதான்: ஆளைத் தெரிந்துகொள்ள அவன் கையில் தூண்டிலைக் கொடுக்க வேண்டும். ஆகவே போன ஞாயிறு ஏரிக்கு வரச் சொன்னேன்.

வந்தான். வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. என் தூண்டில் நரம்புக்குக் குறுக்கே அவன் நரம்பை வீசினான். தன் நிழல் தண்ணீரில் விழும்படி நின்றான். என் பானைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, ரெண்டு கெண்டைதானா?" என்றான். கொண்டுவந்த பொரியில் பாதியை மீனுக்குப் போட்டான், மீதியை நாய்க்குப் போட்டான். என் தூண்டில் முள் பாசியில் சிக்கியதும், நான் வேண்டாம் என்பதற்குள் சட்டையோடு தண்ணீரில் இறங்கி எடுத்துக் கொடுத்தான். ஏரியிலிருந்த மீனெல்லாம் அடுத்த தாலுகாவுக்குப் போயிருக்கும்.

உன் அக்கா சொல்வது: "மீன் புடிக்கவா பொண்ண குடுக்கறோம்? பேசறான், சிரிக்கிறான், அது போதாதா?" அவளுக்கு மீனைக் கழுவத்தான் தெரியும்.

நீ தாய்மாமன். உன் வார்த்தை இல்லாமல் நான் எதையும் முடிக்கப் போவதில்லை. யோசித்து எழுது.

பலராமன்


பூனா
1.3.1993

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

சக்கரபாணியின் வணக்கம். அக்காவையும் எழிலையும் விசாரித்ததாகச் சொல்லவும். முட்டி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் பேசுகிறது.

கடிதத்தை இரண்டு தரம் படித்துச் சிரித்தேன். நாம் கரையில் பார்க்காத ஜந்துவா? ஆமை இருக்கிறது, முள்ளைத் தொடாமல் புழுவை மட்டும் உருவிக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மீன்கொத்தி இருக்கிறது, நம் தலைக்குமேல் பாய்ந்து எடுத்து, நம் கண்ணெதிரேயே கிளையில் அடித்துத் தின்னும், வெறுப்பேற்றுவதற்கென்றே. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் காசி நீர்நாய் ஜாதி. தனக்கும் கிடைக்காது, அடுத்தவனுக்கும் கிடைக்காது, குளத்தைக் கலக்கிவிட்டு ஆனந்தமாக மல்லாந்து படுக்கும்.

இங்கே எங்கள் ஃபாக்டரி ஆட்கள் ஆற்றுக்கு வரும்போது ரேடியோ கொண்டுவருகிறார்கள். நான் நாலு தரம் போய்விட்டு நிறுத்திவிட்டேன். கரையில் ஒரு மணி நேரம் வாயை அடக்க முடியாதவன் வீட்டில் எதை அடக்கப் போகிறான்? அடுத்தவன் பானையை எட்டிப் பார்ப்பவன் நாளைக்கு அடுத்த வீட்டையும் எட்டிப் பார்ப்பான். வேண்டாம் மாமா. நயமாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எழிலுக்கு டைப்பிங் பரீட்சை எப்போது?

தங்கள் அன்புள்ள
சக்கரபாணி


திருவண்ணாமலை
9.5.1993

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் நலம், வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. எழில் டைப்பிங் ஹையரில் பாஸ். காசி வீட்டுக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினேன். அவனே என் கடிகாரக் கடைக்கு வந்து, "பரவால்ல மாமா, ஒரு நாள் ஏரிக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். ரோஷம் இல்லாத ஆள்.

இப்போது வந்திருக்கும் வரன் போளூர். பெயர் சகாதேவன். ஒரு கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். அப்பா இல்லை, அம்மாவும் சுப்பிரமணி என்ற அண்ணனும்.

போன ஞாயிறு இவரையும் அழைத்துப் போனேன். மச்சான், உன்னிடம் என்ன சொல்ல. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவர் ஒன்பதரை வரை அசையவில்லை. என்னிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தார். என் தக்கையைப் பார்க்கவில்லை, என் பானையைப் பார்க்கவில்லை. புழு வேண்டுமா என்று கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். எதிர்க்கரையில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. இரண்டில் யார் முதலில் காலை மாற்றுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்குதான் தோற்றது. ஒரு விரால் பிடித்தார். அதையும் பெருமையடிக்காமல் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை மரியாதையாக ஒரு மனிதன் மீன் பிடித்து நான் பார்த்ததில்லை, உன்னையும் சேர்த்துத்தான்.

எனக்குக் காலில் லேசான சுளுக்கு, அது வேறு கதை. கடைக்கு இரண்டு நாள் போகவில்லை. ரிப்பேருக்கு வந்த கடிகாரங்கள் எல்லாம் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டு கிடக்கின்றன.

உன் பதில் வந்ததும் வாக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

பலராமன்


பூனா
20.5.1993

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். சுளுக்கு சரியாகிவிட்டதா? வீட்டில் அனைவரும் சுகந்தானே?

கொக்கையே தோற்கடித்தவரை விட்டுவிட்டு வேறு யாரைத் தேடப் போகிறீர்கள்? முடித்துவிடுங்கள். அதட்டாதவர், அதிர்ந்து பேசாதவர். என் அக்கா மகள் கொடுத்து வைத்தவள். ஆவணியில் நாள் பாருங்கள், நான் லீவு சொல்லிவைக்கிறேன். பௌர்ணமியை ஒட்டி வைத்துவிடாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் எனக்கு பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது.

எழில் என்ன சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. சொல்ல என்ன இருக்கப் போகிறது.

தங்கள் அன்புள்ள
சக்கரபாணி


திருவண்ணாமலை
21.11.1993

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். கல்யாணத்துக்கு வந்து நாலு நாள் நீ ஓடியாடிச் செய்ததை உன் அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பூனா போய்ச் சேர்ந்து போட்ட கார்டு கிடைத்தது.

தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளையும் எழிலும் வந்தார்கள். இரண்டு நாள் இருந்தார்கள். மாப்பிள்ளை மொத்தம் ஏழு வார்த்தை பேசினார், நான் எண்ணினேன். அதில் இரண்டு "போதும்". தீபாவளிக்கு மறுநாள் காலை ஏரிக்குப் போனோம். வழக்கம்போல் கோயில் தூண் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு தண்ணிப்பாம்பு வந்து என் பானையில் இருந்த கெண்டையை எடுத்துக்கொண்டு போயிற்று. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்தவர் பானையைப் பற்றி நமக்கென்ன என்று இருந்திருப்பார். நான் சிரித்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் எழில், "அப்பா, ஏரியில உங்ககூட பேசினாரா?" என்று கேட்டாள். ஏரியில் யாரம்மா பேசுவார்கள் என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ள நாளாகும்.

பலராமன்


போளூர்
6.3.1994

அன்புள்ள மாமாவுக்கு,

எழில் எழுதுகிறேன். நீங்களும் அத்தையும் குழந்தைகளும் நலமாக இருக்கிறீர்களா? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அந்த அளவில் நலம்.

இதை அப்பாவிடம் ஒரு தரம் சொன்னேன். "சில பேர் சுபாவம் அப்படிம்மா" என்றார். அம்மாவிடம் சொன்னேன், அழுகிறாள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இவர் என்னிடம் பேசுவதில்லை மாமா. கம்மியாகப் பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பேசுவதே இல்லை. கல்யாணமாகி இரண்டாவது மாதம், சட்டை எடுத்து வைக்கும்போது வெள்ளையா நீலமா என்று இரண்டாவது தரம் கேட்டுவிட்டேன். அதற்குப் பன்னிரண்டு நாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வாசலில் நின்று சிரித்ததற்கு ஒரு மாதம். இப்போது பொங்கலிலிருந்து, எதற்கென்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுவார். என்னிடம் சொல்ல வேண்டியதை நான் நிற்கும்போதே அவர் அம்மாவிடம் சொல்வார். ஜுரத்தில் நாலு நாள் படுத்திருந்தேன். என்னைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார். அடிப்பதில்லை, குடிப்பதில்லை. அதனால் யாரிடம் சொன்னாலும், "நீ குடுத்து வச்சவ" என்கிறார்கள்.

மத்தியானம் யாரும் இல்லாதபோது சமையலறையில் என் பெயரை நானே சொல்லிப் பார்க்கிறேன். இது நல்லதில்லை என்று எனக்குத் தெரிகிறது.

எனக்கு முன்னால் இவரைச் சரி என்று சொன்னது அப்பாவும் நீங்களும். அன்றைக்கு ஏரியில் எதையாவது பார்த்ததாக அப்பா உங்களுக்கு எழுதினாரா? எழுதியிருந்தால் சொல்லுங்கள். இங்கேயே இருக்கட்டுமா, வந்துவிடட்டுமா என்றும் சொல்லுங்கள். பதிலை இந்த விலாசத்துக்குப் போட வேண்டாம், அம்மாவின் பெயருக்குப் போடுங்கள்.

எழில்


பூனா
30.6.1994

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பூனை இருக்கிறது. மேனேஜர் வீட்டுத் தோட்டத்துத் தொட்டியில் கலர் மீன் வளர்க்கிறார்கள். அது தொட்டி விளிம்பில் படுத்து, வாலைத் தொங்கவிட்டு, வால் நுனியை மீன் மோந்து பார்க்க வரும்போது கையால் ஒரு தட்டு. மேனேஜர் தினமும் மீனை எண்ணி, வாட்ச்மேனைத் திட்டுகிறார். எங்களுக்கெல்லாம் தெரியும், யாரும் சொல்வதில்லை.

எழிலிடமிருந்து மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை குறுக்கே வந்துவிடுகிறது. அவள் எப்படி இருக்கிறாள்?

தங்கள்
சக்கரபாணி


திருவண்ணாமலை
24.7.1994

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். ஆடிக்கு எழிலை அழைத்து வந்திருக்கிறோம். ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது, கெளுத்திதான் கிடைக்கிறது. பூனை விஷயம் நன்றாயிருந்தது.

பலராமன்


பூனா
11.9.1994

மாமா அவர்களுக்கு,

வணக்கம். ஆடி முடிந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. எழில் போளூர் திரும்பினாளா என்று இரண்டு கார்டு போட்டுக் கேட்டேன். நீர்க்காகம், கொக்கு ஒன்றுமே இல்லாமல் நாலு வரியில் நீங்கள் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. என்ன நடக்கிறது என்று தயவுசெய்து எழுதவும்.

சக்கரபாணி


திருவண்ணாமலை
2.10.1994

அன்புள்ள மச்சானுக்கு,

உடம்புக்கு எல்லோரும் நலம்.

எழில் திரும்பிப் போகவில்லை. போக மாட்டேன் என்கிறாள். அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. வருகிற பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை போளூரில் அவர்கள் வீட்டில் பெரியவர்களை வைத்துப் பேசுவது என்று முடிவாகியிருக்கிறது. வந்தவர் கேட்டது: "அடிக்கல, குடிக்கல, சீரு கேக்கல. பேசலன்றது ஒரு குத்தமா?" அன்றைக்குத் திரும்ப அனுப்பு என்று நாலு பேர் சொல்லிவிட்டால் அனுப்பத்தான் வேண்டியிருக்கும். எழில் அதற்குப் பிறகு உயிரோடு இருப்பாளா என்று உன் அக்கா கேட்கிறாள்.

உனக்கு நான் எழுதாத ஒன்று உண்டு. போன வருஷம் மாப்பிள்ளையை முதலில் ஏரிக்கு அழைத்துப் போன அன்று மதகுப் பக்கம் கால் வழுக்கி விழுந்தேன். இடுப்பளவு சேறு. அசைய அசைய உள்ளே இழுத்தது. பத்தடியில் அவர். திரும்பினார், என்னைப் பார்த்தார், மறுபடி தக்கையைப் பார்த்தார். மாப்பிள்ளையாக வரப்போகிறவரிடம் முதல் நாளே கையை நீட்டுவதா என்று நானும் கூப்பிடவில்லை. கோரையைப் பிடித்துக் கரையேறக் கால்மணி நேரம் ஆயிற்று. வலிக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. மாமனார் விழுந்ததைப் பார்க்காதது மாதிரி இருந்தாரே, என்ன நாகரிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அன்றைக்கே மனதில் முள் குத்தியது. ஆனால் காசியை வேண்டாம் என்று சொல்லியாயிற்று, இவரையும் வேண்டாம் என்றால் ஏரிக்கரையில் மாப்பிள்ளை தேடுகிறான் என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். அதனால் உனக்குக் கொக்கைப் பற்றி எழுதினேன்.

என் பெண்ணை நான்தான் கொண்டுபோய் விட்டேன், மச்சான்.

இதைச் சபையில் சொல்லலாமா? சொன்னால் தெரிந்தே கொடுத்தாயா என்று என்னைக் கேட்பார்கள். எழிலும் அங்கே இருப்பாள்.

பலராமன்


பூனா
8.10.1994

அன்புள்ள எழிலுக்கு,

உன் கடிதத்துக்கு ஏழு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். வேலை இருந்தது என்று உன் அப்பாவுக்கு எழுதினேன். வேலை ஒன்றும் இல்லை. முடித்துவிடுங்கள் என்று எழுதியது என் கை. உனக்குப் பதில் எழுதினால் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ அங்கே ஒருவனிடம் பட்டதையே நானும் உனக்குச் செய்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உன் கேள்விக்குப் பதில்: வந்துவிடு. யார் என்ன சொன்னாலும் திரும்பிப் போகாதே.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் சொன்னதாக இந்தக் கடிதத்தைச் சபையில் படித்துக் காட்டலாம். அப்பாவிடம் சொல், கேட்டதற்குப் பதில் "சொல்லலாம்" என்று. முதலில் உன்னிடம் சொல்லச் சொல், பிறகு சபையில்.

உன் மாமா
சக்கரபாணி


திருவண்ணாமலை
17.10.1994

அன்புள்ள மாமாவுக்கு,

எழில் எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. அப்பா அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, சேற்றில் விழுந்ததைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வேளை அவரோடு பேசாமல் இருந்து பார்த்தேன், என்னால் முடியவில்லை.

நேற்று போளூர் போனோம். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். உங்கள் கடிதத்தை அம்மா படித்தாள். ஒருவர், "பூனாவுல உக்காந்துனு எழுதிட்டா ஆச்சா?" என்றார். பிறகு அப்பா எழுந்து ஏரிக் கதையைச் சொன்னார். இடுப்பளவு சேறு என்று கையால் காட்டியபோது சிரித்துவிட்டார்கள். "பெரியவரே, மீன் புடிக்க வச்சா மாப்ள பாத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். அப்பா, "ஆமாங்க, அதான் நான் பண்ண தப்பு" என்று சொல்லிவிட்டு, உட்காராமல் அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்தது.

அந்த ஊர்ப் பெரியவர் இவரைப் பார்த்து, "அதெல்லாம் கெடக்கட்டும்பா. நீ ஒரு வார்த்த சொல்லு. பொண்ண வச்சி நல்லபடியா வாழறியா?" என்று கேட்டார்.

இவர் தரையைப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். பெரியவர் மறுபடி கேட்டார். இன்னொருவர் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, "சரின்னு சொல்லுப்பா, முடிஞ்சிது" என்றார். ஒன்றுமில்லை. காபி வந்தது, ஆறியது. ஒருவர், "வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கத்தினார். இவருடைய அம்மா கெஞ்சினாள். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் ஆயிற்று. ஒருவர் வெற்றிலை துப்பப் போனவர் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் இடம் மாறி மாறி உட்கார்ந்தார்கள், துண்டை மடித்தார்கள், பிரித்தார்கள். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் பழக்கமாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்து இவருடைய அண்ணன் சுப்பிரமணி எழுந்தார். "எங்கூட இவன் பேசி ஆறு வருசம் ஆவுது. எதுக்குன்னு எனக்கு இன்னும் தெரியாது. கல்யாணம் ஆனா சரியாப் பூடும்னு நாங்கதான் மறைச்சிட்டோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போம்மா" என்றார். பெரியவர் செருப்பைத் தேடினார். இவர் அப்போதும் நிமிரவில்லை.

அம்மா என் பெட்டியை எடுத்துக்கொண்டாள், அப்பா என் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். யார் என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை. நாளை முதல் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்குப் பதிலை மறு தபாலிலேயே எழுதுங்கள், மாமா.

எழில்